கையில் உத்தரவு, வாயில் மனு

பெற்றவர்கள் அவருக்கு ஆசையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். பாவம், அந்தப் பேரை யாரும் கூப்பிட்டதே இல்லை. தெருவில் அவர் கோர்ட்டுக்காரர். அவருடைய சைக்கிள் ஒரு சந்துக்குள் நுழைந்தால் போதும், "கோர்ட்டு வருது, கோர்ட்டு வருது" என்று கூச்சல் கிளம்பும். கடன் வாங்கியவன் பின்பக்கமாக ஓடுவான். வாங்காதவனும் எதற்கு வம்பு என்று கதவைச் சாத்துவான். சம்மனோ நோட்டீஸோ தடை உத்தரவோ, நீதிமன்றம் அனுப்புவதை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் உத்தியோகம். அமீனா என்பார்கள்.

குரல் இருக்கிறதே, அடேயப்பா! வாசலில் நின்று "யாரு வீட்ல? கோர்ட்டு உத்தரவு! வெளிய வா!" என்று ஒரு அதட்டுப் போட்டால் மூன்றாம் வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்து அழும். வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் கதவில் ஒட்டுவார், பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைப்பார், போகிற போக்கில் "நீ வாங்கலைன்னா சட்டம் உன்னை விட்டுட்டுப் போயிடுமா?" என்று ஒரு வசனமும் விடுவார். அந்த வசனத்தின் மேல் அவருக்கே ஒரு மயக்கம். சாப்பிட உட்கார்ந்தால் மனைவியிடம் நடித்துக் காட்டுவார்.

மனைவி பஸ் கண்டக்டர். வாய் அவரைவிட ஒரு முழம் நீளம்.

"ஏங்க, இந்த அதட்டல் எல்லாம் தகரக் கூரை வீட்டு வாசல்லதானே?" என்பாள்.

"எல்லா வாசல்லயும் இதே அதட்டல்தான்டி."

"கதை விடாதீங்க. அன்னிக்கு மில்லு முதலாளி வீட்டு கேட்டுல நின்னீங்களே, நான் பார்த்தேனே. என் பஸ் போயிட்டுத் திரும்பி வருது, நீங்க அதே இடத்துல நிக்கிறீங்க. வாட்ச்மேன்னு நினைச்சு ஒருத்தர் உங்ககிட்ட வழி கேக்குறாரு."

"பெரிய இடம்னா கொஞ்சம் பார்த்துப் பதமாப் போகணும். உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மந்திரி மச்சானா இருந்தாலும் என் பஸ்ல டிக்கெட் எடுக்கணும்."

அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அவருக்குள் இருந்த வியாதி அவளுக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது. வியாதி வந்த வழியும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பா ஓர் அதிகாரி பங்களாவில் தோட்டக்காரர். காரின் ஹாரன் கேட்டால் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வேலியோரம் ஒதுங்கி நிற்பார், மகனையும் இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொள்வார். "அவங்களாக் கேட்டாத்தான் பேசணும்டா. கேக்காத வரைக்கும் நாமளும் செடிதான்" என்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? வளர்ந்து, அரசாங்க உத்தியோகம் வாங்கி, காக்கிச் சட்டையும் பித்தளை வில்லையும் மாட்டிய பிறகும், குளிர்சாதனக் காற்று முகத்தில் அடித்தால் அந்த மனிதர் செடியாகிவிடுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு தெரு. ஒன்றை ஒன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். அங்கே ஒரு தையல்காரம்மா. முன் அறையில் தையல் மிஷின், பின் அறையில் கட்டிலோடு கிடக்கும் அம்மா, அவ்வளவுதான் குடும்பம். அந்தத் தெருவை அகலப்படுத்த நகராட்சி முடிவு செய்தது. செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் வீட்டுக்கு வீடு சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது தையல்காரம்மா மட்டும் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து நீதிமன்றம் ஏறினாள். வழக்கு விசாரணைக்கு வந்த அன்றைக்கே தெருமுனையில் இடிக்கிற இயந்திரமும் வந்து நின்றுவிட்டது.

நீதிபதியம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. நகராட்சி வக்கீல் வளர்ச்சி, முன்னேற்றம் என்று நீட்டி முழக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?" என்றார். வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். "அரசியலமைப்பு உங்களுக்கு அதிகாரம் குடுத்திருக்கு. அதே அரசியலமைப்புதான் வேலியும் போட்டிருக்கு. அவங்களை விசாரிக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது" என்று சொல்லித் தடை உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் நடத்தும், யாராவது எல்லை தாண்டினால் நீதிமன்றம் 'நில்' என்று சொல்லும் என்று! படத்தில் மூன்று தூணும் ஒரே உயரம். நேரில் பாருங்கள். நிர்வாகத்திடம் போலீஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, இடிக்கிற இயந்திரம் இருக்கிறது. நீதிபதியம்மாவிடம் இருப்பது ஒரு பேனா, ஒரு முத்திரை, அப்புறம் நம்ம கோர்ட்டுக்காரர். 'நில்' என்று நீதிபதியம்மா எழுதலாம். அதைக் கொண்டுபோய் உரக்கச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

வக்கீலம்மா நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். "பேப்பர் வரட்டும்மா, வாய் வார்த்தையை வச்சு நாங்க எப்படி நிறுத்துறது?" என்று வைத்துவிட்டார்கள். தலைமை எழுத்தர் உத்தரவை உறையில் போட்டுக் கோர்ட்டுக்காரரிடம் கொடுத்தார். "கமிஷனர் கையில குடுங்க. உடனே குடுங்க. நடுவுல எங்கயும் நிக்காதீங்க."

தையல்காரம்மா படியில் நின்று கைகூப்பினாள். "அண்ணே, உங்களைத்தான் நம்பியிருக்கேன். நான் தெருவுக்குப் போயி அவங்களைப் பிடிச்சு நிறுத்தி வைக்கிறேன்."

"நீ போம்மா. காகிதம் என் கைக்கு வந்துட்டா கவலையை விடு." இதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. சைக்கிளையும் விரட்டித்தான் ஓட்டினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நகராட்சி அலுவலகத்தின் மாடியில் ஒரு நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறைய ஜனங்கள், ஆளுக்கொரு காகிதம். குடிதண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை. எல்லாம் மனு. யாரும் சத்தமாகப் பேசவில்லை. கோர்ட்டுக்காரரின் நடையும் அந்தத் தாழ்வாரத்தில் தானாக மெதுவானது. கோடியில் கண்ணாடிக் கதவு. அதைத் திறந்ததும் சில்லென்று முகத்தில் அடித்தது காற்று. உள்ளே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் கமிஷனரின் உதவியாளர், அவருக்குப் பின்னால் கமிஷனர் அறையின் மூடிய கதவு.

"வாங்க. என்ன விஷயமா வந்தீங்க?" என்றார் உதவியாளர். மரியாதையான பிள்ளை.

கோர்ட்டுக்காரர் வாயைத் திறந்தார். 'கோர்ட்டு உத்தரவு' என்று சொல்ல வேண்டும். சந்து பொந்தெல்லாம் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. ஆனால் இங்கே அதைச் சொல்வது எப்படி? உத்தரவு என்பது அந்த மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற சமாச்சாரம் அல்லவா? 'உள்ள வர உத்தரவுங்களா' என்றுதான் அப்பா கேட்பார், 'உத்தரவு வாங்கிக்கிறேனுங்க' என்றுதான் விடைபெறுவார். அந்தச் சொல்லைத் தூக்கி உள்ளே எறிவதா? கடைசியில் வெளியே வந்தது வேறு வார்த்தை.

"ஐயாவைப் பார்க்கணுங்க. ஒரு மனு."

வாயில் சனி உட்கார்ந்தால் வேறு யார் என்ன செய்ய முடியும்!

"மனுவா? ஐயா மீட்டிங்ல இருக்காரு. மனு எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பார்ப்பாரு. நீங்க வெளிய நிக்க வேணாம், இப்படி உக்காருங்க" என்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைக் காட்டினார். வயசுக்குக் கொடுத்த மரியாதை. சற்று நேரத்தில் ஒரு கோப்பைத் தேநீரும் வந்தது, பீங்கான் கோப்பையில், கீழே தட்டோடு.

கோர்ட்டுக்காரர் உட்கார்ந்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. நுனியில்தான் உட்கார்ந்தார், ஆனாலும் உட்கார்ந்துவிட்டார். தேநீரைச் சத்தம் வராமல் குடித்தார். மடியில் உறை இருந்தது. 'அந்தத் தம்பிகிட்ட இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்போமா' என்று தோன்றும். 'இவ்வளவு மரியாதை செய்றாங்க, அவசரப்பட்டா நல்லா இருக்காது' என்றும் தோன்றும். தெருமுனையில் இயந்திரம் நிற்பது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்த நாற்காலி அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது. வீட்டில் எலி வெளியில் புலி என்று சில பேரைச் சொல்வார்கள். இவர் தெருவில் புலி, மெத்தையில் எலி.

ஒரு தடவை கதவு திறந்தது. கமிஷனரே வெளியே வந்தார், கையில் செல்போன், பேசிக்கொண்டே. கோர்ட்டுக்காரர் துள்ளி எழுந்தார். கமிஷனர் பேச்சை நிறுத்தி, அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்து, 'என்ன?' என்பதுபோலத் தலையை அசைத்துச் சிரித்தார். அதுதான் நேரம். கையை நீட்டினால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம். நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து, இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போட்டார். நிமிர்ந்தபோது கமிஷனர் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வரவில்லை. எங்கோ பாலம் பார்க்கப் போய்விட்டாராம். சாப்பாட்டு நேரம் முடிந்து மனுக்களை வாங்க ஆரம்பித்த உதவியாளர், "ஐயா வர நேரமாகும். உங்க மனுவைக் குடுங்க பெரியவரே, நான் பார்க்குறேன்" என்று கை நீட்டினார். உறையைப் பிரித்தார். முத்திரையைப் பார்த்தார். படிக்கப் படிக்க நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயையோ, இது ஸ்டே ஆர்டர் ஆச்சே! மனுன்னு சொன்னீங்களே!"

அவர் போனைத் தூக்கிக் கத்தினார், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று. அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பது கோர்ட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. உதவியாளர் போனை வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

தெருவில் நடந்ததைத் தையல்காரம்மாவே பிறகு சொன்னாள். அவள் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். "கோர்ட்டு உத்தரவு வந்துக்கிட்டே இருக்கு. எங்க அண்ணன் எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. கொஞ்சம் பொறுங்க" என்றிருக்கிறாள். டிரைவர் நல்லவர், என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்திருக்கிறார். "மேலேர்ந்து ஒரு போன் வந்தா நிறுத்திடுறேன்மா, எனக்கு மட்டும் என்ன ஆசையா" என்றிருக்கிறார். அவர் காத்திருந்தார், மேஸ்திரி காத்திருந்தார், போலீஸ்காரர் காத்திருந்தார். போன் வரவில்லை. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தார்கள். மிஷினை அவளே இழுத்துக்கொண்டு வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த பள்ளிச் சீருடைத் துணியெல்லாம் உள்ளேயே மண்ணோடு போனது. சிவப்புக் குறி போட்ட மற்ற வீடுகளும் அவள் வீட்டோடு விழுந்தன.

அன்று கோர்ட்டுக்காரர் சாப்பிடவில்லை. மனைவி என்ன ஏது என்று துருவியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேலி செய்வாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் விசில் அடிச்சா பஸ் நிக்குது. எனக்காகவா நிக்குது? விசிலுக்கு நிக்குது. உங்க கையில இருந்ததை ஊத வேண்டியதுதானே நீங்க?" என்றாள். அப்புறம் அழுதாள். யாருக்காக என்று அவர் கேட்கத் துணியவில்லை.

உத்தரவை மீறியதாகக் கமிஷனர் மேல் வக்கீலம்மா அவமதிப்பு வழக்குப் போட்டார். கோர்ட்டுக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஊரையெல்லாம் அந்தக் கூண்டுக்கு இழுத்துக்கொண்டு வந்த மனிதர், முதல் தடவையாக அதற்குள் நின்றார். தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் அவர் காலையிலேயே உள்ளே போனதைப் பார்த்திருந்தார்கள். மறைக்க வழியில்லை. ஒரே ஒரு பொய்க்குத்தான் இடம் இருந்தது.

"கோர்ட்டு உத்தரவுன்னு உதவியாளர்கிட்டச் சொன்னீங்க, இல்லையா?" என்று கேட்டார் வக்கீலம்மா. கேள்வியிலேயே பதிலையும் ஊட்டிவிட்டார்.

'ஆமா' என்றால் போதும். தன் மானம் தப்பும், தையல்காரம்மா பக்கம் வழக்கு பலக்கும். எதிரே அந்த உதவியாளர் நின்றுகொண்டிருந்தார், தேநீர் கொடுத்த பிள்ளை. ஆமா என்றால் அவருடைய வேலை போய்விடும். கோர்ட்டுக்காரர் முனகினார்.

"கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க" என்றார் நீதிபதியம்மா.

"மனுன்னு சொன்னேன் அம்மா."

அறையில் யாரோ கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "என்னோட உத்தரவை நீங்க மனுவாக்கிட்டீங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நாண்டுகொண்டு செத்துவிடலாம் போல இருந்தது அவருக்கு. தெரியாமல் நடந்த தவறு என்று அவமதிப்பு வழக்கு தள்ளுபடியானது. விசாரிக்காமல் இடித்தது தவறுதான், அதே இடத்தில் வீடுகளைக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று இன்னொரு உத்தரவும் பிறந்தது. கட்டி முடிகிற வரை அந்த ஜனங்கள் டெப்போவின் பழைய கொட்டகையில்.

வெளியே வந்ததும் தையல்காரம்மா அவரைத் தேடி வந்தாள். அடிப்பாள் என்று நினைத்து நின்றார். அவளோ, "விடுங்கண்ணே. நீங்க தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அவங்க நிறுத்தியிருக்கவா போறாங்க? ஏழை சொல்லு எங்க அம்பலம் ஏறியிருக்கு?" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கோர்ட்டுக்காரர் அதற்குப் பிறகு சோறு தின்றார். நிறுத்தியிருக்க மாட்டார்கள். எப்படியும் இடித்திருப்பார்கள். சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டார்.

புது உத்தரவைக் கொண்டுபோகவும் அவரையே அனுப்பினார் நீதிபதியம்மா. தண்டனையா, நம்பிக்கையா, அவருக்கே வெளிச்சம். சேதி உடனே தெரிய வேண்டும் என்று தையல்காரம்மாவும் கூடவே வந்து நகராட்சி வாசலில் நின்றுகொண்டாள். இந்தத் தடவை கோர்ட்டுக்காரர் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. "கோர்ட்டு உத்தரவு. கமிஷனர் கையில குடுக்கணும். இப்பவே" என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டார். உதவியாளர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் அந்தக் கதவு! தள்ளினால் திறக்கிற சாதாரண மரக்கதவு.

கமிஷனர் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு வெளிய உக்காந்திருந்தது நீங்கதானே? ஏன் பெரியவரே, என்னைப் பார்த்துக் கும்பிட்டீங்களே, அப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த நேரம் அந்த மேஸ்திரிதான் என்கிட்டப் போன்ல பேசிட்டிருந்தான், ஆரம்பிக்கட்டுமான்னு. வேணாம்னு சொல்லியிருப்பேனே. கோர்ட்டைப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போறது?"

கோர்ட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். கமிஷனர் சும்மா சொல்லியிருக்கலாம். நடந்து முடிந்த பிறகு நல்ல பேர் எடுப்பது யாருக்கும் சுலபம். ஆனால் அது உண்மையா பொய்யா என்று அன்றைக்கே சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் இடுப்பு வரை குனிந்து நின்றிருந்தார். அதை வைத்து யாரைக் குறை சொல்வது?

படியிறங்கி வந்தார். தையல்காரம்மா ஓடி வந்தாள்.

"வாங்கிக்கிட்டாராண்ணே? என்ன சொன்னாரு?"

கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய்யில்லை. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவளும் நிம்மதியாகப் போவாள், இவருக்கும் அந்த ஒரு வார்த்தை மிச்சமிருக்கும். கோர்ட்டுக்காரர் சைக்கிள் பூட்டைத் திறந்தார், மறுபடி பூட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், கமிஷனர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கும்பிட்டதையும் சொன்னார். மேஸ்திரியின் போனையும் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நகராட்சி லாரி ஒன்று உள்ளே போக வழி கேட்டு ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் நகர்ந்துகொண்டார்கள்.

"நிறுத்தியிருப்பாராமா?" என்றாள்.

"அப்படித்தாம்மா சொன்னாரு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க சார்," என்றாள், "நீங்க கிளம்புங்க."